ஜெர்மன் பேரரசின் மாதிரிக் காசுகளைத் தேடி: பெர்லின் முதல் கார்ல்ஸ்ரூ வரை

புதன், பெர்லின்: பார்வை நாள்

ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி முதல் வாரம்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம். வேர்ல்ட் மணி ஃபேர் என்ற உலக நாணயக் கண்காட்சி அப்போதுதான் நடக்கும். 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கியது, 2006இல் பெர்லினுக்கு இடம் மாறியது. சோனன்அலேயில் உள்ள எஸ்ட்ரெல் ஓட்டலில் கூடும் இந்தக் கண்காட்சியை ஒட்டிப் பெரிய ஏலமும் நடப்பதால், ஒரு நாள் முன்னதாகவே வந்து ஏலப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்ப்பது அவசியம். மாதிரிக் காசு என்றால் புழக்கத்துக்கு விடும் முன் சோதனைக்காக அடித்துப் பார்த்த காசு. படத்தைப் பார்த்து அதை வாங்குவது ஆபத்தானது. ஏமாற்று வேலை நடப்பது விளிம்பிலும் எடையிலும். படத்தில் இவை இரண்டும் தெரியாது.

ஜெர்மானியர் இவற்றை 'ப்ரோபே' என்கிறார்கள். 1871 முதல் 1918 வரையிலான பேரரசுக் காலத்தில் இந்தச் சொல்லுக்குள் பல வகைகள் அடங்கும். ஏற்கப்படாத உருவத்தோடு அடித்தது வடிவ மாதிரி. ஏற்கப்பட்ட உருவத்தை வேறு உலோகத்தில் அடித்துப் பார்த்தது உலோக மாதிரி. அதே அச்சில் இரு மடங்கு தடித்த வில்லையில் அடித்தவை உண்டு, ஒரு பக்கம் மட்டும் அடித்தவையும் உண்டு. இவை எல்லாம் அரசு அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் ஆலையில், பிறந்தவை. பதக்கக் கலைஞர்கள் தங்கள் விருப்பத்துக்கு அடித்த தனியார் மாதிரிகள் வேறு வகை. ஏலப் பட்டியலில் இவை அனைத்துக்கும் மேலே 'ப்ரோபே' என்றே இருக்கும். யார் அடித்தது, எதற்காக, எப்போது என்ற மூன்றுக்கும் விடை தேடாமல் கை தூக்கக் கூடாது.

பார்வை அறைக்குக் கொண்டுபோக வேண்டியவை குறைவுதான்: 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சட்டைப்பைத் தராசு, அதைச் சரிபார்க்க ஒரு படிக்கல், விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் தாடை கொண்ட காலிப்பர். உலோகத் தாடை விளிம்பில் கோடு போட்டுவிடும், அப்படி ஒன்றைக் கொண்டுபோனால் மேசைக்காரர் தடுப்பார், தடுப்பதே நியாயம். சிறு காந்தம் ஒன்றும் வேண்டும். அதை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காசுக்கு அருகே கொண்டுபோனால் போதும், காசின் மேல் ஒட்டவிடத் தேவையில்லை.

மனப்பாடமாக இருக்க வேண்டிய அளவுகள்: 5 மார்க் வெள்ளி 27.78 கிராம், 38 மி.மீ. 3 மார்க் 16.67 கிராம், 33 மி.மீ. 2 மார்க் 11.11 கிராம், 28 மி.மீ. 1 மார்க் 5.55 கிராம், 24 மி.மீ. எல்லாம் 900 தர வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. 20 மார்க் தங்கம் 7.965 கிராம், 22.5 மி.மீ., அதுவும் 900 தரம். ஒரு மாதிரி இந்த அளவிலிருந்து விலகினால் அது போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் விலகலுக்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும். வேறு உலோகம், தடித்த வில்லை, அடிக்கும்போது காசைச் சுற்றிப் பிடிக்கும் விளிம்பு வளையமின்றி அடித்தது என்று ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும்.

பிறகு விளிம்பு. புழக்கத்துக்கு வந்த 3, 5, 20 மார்க் காசுகளின் விளிம்பில் 'காட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்ற எழுத்து குழிந்து இருக்கும். 2 மார்க், 1 மார்க் விளிம்பில் வரிவரியான கோடுகள். மாதிரிகளில் பலவற்றுக்கு விளிம்பு வழவழப்பானது. ஒரே உருவம் எழுத்து விளிம்போடும் வெற்று விளிம்போடும் வரும், இரண்டுக்கும் விலை வேறு. ஆகவே பட்டியலில் 'கிளாட்டர் ராண்ட்' (வழவழப்பான விளிம்பு) என்றிருந்தால் அதை லென்ஸ் வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். எழுத்தை அரத்தால் தேய்த்து அழித்திருந்தால் விட்டம் 0.1 அல்லது 0.2 மி.மீ. குறைந்திருக்கும், விளிம்பில் நேர்க்கோட்டுக் கீறல்கள் நிற்கும்.

இன்னொன்று: பேரரசுக் காசுகளில் இரு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும். இடவலமாகத் திருப்பிப் பார்க்கும்போது மறுபக்கம் தலைகீழாகவோ சாய்ந்தோ வந்தால் அதைக் குறித்துவைத்து, அருங்காட்சியகப் பதிவில் உள்ள அச்சுத் திசையோடு ஒப்பிட வேண்டும்.

வியாழன், பெர்லின்: ஏலம்

பல ஜெர்மன் ஏல நிறுவனங்களில் மதிப்பீட்டு விலையின் 80 சதவீதத்துக்குக் கீழே கேட்பை ஏற்பதில்லை. சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குவோர் கட்டணம் சுமார் 20 முதல் 25 சதவீதம் சேரும். 1,000 யூரோவுக்குக் கேட்டுவிட்டு 1,250 கட்ட வேண்டியிருக்கும். உச்ச வரம்பைக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு, சுத்தியல் விலையாக மாற்றித் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வது நல்லது. அறையில் அந்தக் கணக்கைப் போட நேரம் இருக்காது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு பொருள் போய்விடும்.

பட்டியலின் குறிப்புகளில் காசின் வரலாறே இருக்கும். 'ஹெங்கல்ஷ்பூர்' என்றால் சங்கிலியில் மாட்டக் கொக்கி வைத்து எடுத்த தடம். 'ஃபாசுங்ஸ்ஷ்பூரன்' நகையில் பதித்திருந்த தடம். 'பெரீபன்' தேய்த்துத் துடைத்தது. தரம் என்று வரும்போது மேலிருந்து கீழாக ஸ்டெம்பல்கிளான்ஸ், ஃபோர்ட்ஸ்யூக்லிஷ், சேர் ஷோன், ஷோன் என்று இறங்கும். 'போலியர்டெ பிளாட்டெ' என்பதை மெருகேற்றிய அச்சில் அடித்தது என்று பொருள் கொள்ள வேண்டும். அது தயாரிப்பு முறையைச் சொல்கிறது, அப்படி அடித்த காசும் கைபட்டுத் தேய்ந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் விட மதிப்பான வரி 'எக்செம்ப்ளார் டேர் ஆக்ட்சியோன்' என்று தொடங்கும். இதே காசு முன்னொரு ஏலத்தில், இந்த ஆண்டில், இந்த எண்ணில் வந்தது என்ற அறிவிப்பு அது. உடனே பழைய பட்டியலின் படத்தைத் தேடிக் கறை, கீறல், விளிம்புக் காயம் மூன்றையும் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தினால் அந்தக் காசுக்குப் பிறப்புச் சான்று பாதி கிடைத்தது போல. நல்ல நிலையில் இருக்கும் வரலாறற்ற காசையும், சற்றே தேய்ந்து மூன்று பழைய ஏலங்களின் சான்றோடு வரும் காசையும் ஒரே விலைக்கு வைத்தால் இரண்டாவதை எடுப்பதே சரி. மாதிரிகளைப் பொறுத்தவரை இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

பட்டியல் எண்களையும் புரிந்துகொள்ள வேண்டும். 1871க்குப் பிந்தைய ஜெர்மன் காசுகளுக்கு யேகர் என்பவரின் நூற்பட்டியலில் உள்ள எண்தான் அடிப்படை. மாதிரிகளுக்கு ஷாஃப் என்பவரின் நூற்பட்டியல் எண். ஷாஃப் எண்ணின் முன்பகுதி, அந்த மாதிரி எந்தப் புழக்கக் காசோடு தொடர்புடையதோ அதன் யேகர் எண்ணாக இருக்கும். 18 என்று தொடங்கினால் 25 பென்னிக் (100 பென்னிக் ஒரு மார்க்), 104 என்று தொடங்கினால் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பிரஷ்ய 5 மார்க். 'ஷாஃபில் இல்லை' என்று ஒரு பொருளைப் புகழ்ந்திருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. புதிய கண்டுபிடிப்பாக இருக்கலாம், நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம்.

வெள்ளி, பெர்லின்: போடே அருங்காட்சியகம்

ஹாக்கெஷர் மார்க்ட் நிலையத்தில் இறங்கி நடந்தால் அருங்காட்சியகத் தீவின் வடக்கு முனை. 1904இல் திறந்தபோது இதன் பெயர் கைசர் ஃபிரீட்ரிக் அருங்காட்சியகம். 1888 மார்ச் 9 முதல் ஜூன் 15 வரை 99 நாள் மட்டுமே ஆண்ட மூன்றாம் ஃபிரீட்ரிக்கின் பெயர் அது. அந்த 99 நாள் அரசரின் 2, 5, 10, 20 மார்க் காசுகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். குறுகிய ஆட்சி என்பதால் அரிய காசு என்று நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

இங்குள்ள நாணயப் பிரிவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உண்டு. காட்சிப் பெட்டிகளில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கு. மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்னதாக எழுதி, எந்த ஆண்டு, எந்த மதிப்பு, எந்த எண் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். 'பேரரசு மாதிரிகள் எல்லாம்' என்று கேட்டால் யாருக்கும் உதவ முடியாது. நேரில் வர முடியாதவர்களுக்கு இவர்களின் இணையப் பட்டியலே பெரிய கொடை. ஒவ்வொரு பொருளுக்கும் எடை, விட்டம், அச்சுத் திசை மூன்றும் பதிவாகியிருக்கும்.

இன்று நேரமெல்லாம் 25 பென்னிக்குக்கே போனது. ஒரு மாதிரி ஏன் பிறக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் காசு கிடையாது. பேரரசில் 10 பென்னிக்குக்கும் 50 பென்னிக்குக்கும் நடுவே ஒரு காசு தேவைப்பட்டது. முதலில் 1873 முதல் 1877 வரை 20 பென்னிக் வெள்ளியில் வந்தது. 1.11 கிராம், 16 மி.மீ. விரலிடுக்கில் நிற்காத அளவு. அடுத்து 1887இல் தொடங்கி 1892 வரை செம்பு நிக்கல் கலவையில் 6.25 கிராம், 23 மி.மீ. அளவில் 20 பென்னிக். அதுவும் நிலைக்கவில்லை. 1908ஆம் ஆண்டின் நாணயச் சட்டத் திருத்தம் 3 மார்க்கையும் 25 பென்னிக்கையும் கொண்டுவந்தது. இந்த முறை தூய நிக்கல், 4 கிராம், 23 மி.மீ., வழவழப்பான விளிம்பு.

சிக்கல் அளவில் இருந்தது. 1 மார்க் 24 மி.மீ. 10 பென்னிக் 21 மி.மீ. இரண்டுக்கும் இடையே, வெண்ணிறத்திலேயே இன்னொரு காசு. தடவிப் பார்த்தும், ஒரு பார்வையிலும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதால் உருவத்தில் பல முயற்சிகள் நடந்தன. 1908, 1909 ஆண்டு பொறித்த மாதிரிகள் இத்தனை வகையாகக் கிடைக்க அதுவே காரணம். கடைசியில் தேர்வான கலைநயமான உருவமும் மக்களிடம் எடுபடவில்லை. 1912க்குப் பிறகு அடிக்கவில்லை. பேரரசு மாதிரிகளில் கால் வைப்பவருக்கு இந்தத் தொடரே நல்ல வாசல். வகைகள் நிறைய, ஒப்பிடப் பழைய ஏலப் பதிவுகளும் நிறைய.

இதில் ஏமாறும் இடங்களைச் சொல்ல வேண்டும். தூய நிக்கல் காந்தத்துக்கு இழுபடும், 10 பென்னிக்கின் செம்பு நிக்கல் கலவை இழுபடாது. நிக்கல் மாதிரி என்று விற்கும் காசு காந்தத்துக்கு அசையாவிட்டால் வைத்துவிடலாம். அலுமினிய மாதிரி என்று சொன்னால் எடை பார்க்க வேண்டும். அதே கனஅளவுக்கு நிக்கல் 4 கிராம் என்றால் அலுமினியம் சுமார் 1.2 கிராம் வரும். அடுத்து 'ப்ரோபே' என்ற எழுத்து. அச்சிலேயே செதுக்கியிருந்தால் எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே மேலெழுந்து, ஒரே தேய்மானத்தோடு இருக்கும். சாதாரணக் காசில் பின்னர் உளியால் குத்தினால் எழுத்து குழியும், சுற்றிலும் உலோகம் பிதுங்கும், நேர் பின்புறத்தில் உருவம் சற்றே தட்டையாகும். உண்மையாகவே குழி எழுத்தில் முத்திரையிட்ட மாதிரிகளும் இருப்பதால், குழிந்த எழுத்தைக் கண்டதும் ஒதுக்கிவிடாமல், பிதுங்கலையும் பின்புறத்தையும் அருங்காட்சியகப் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

சனி, டிரெஸ்டன், முல்டன்ஹுயூட்டன்

டிரெஸ்டன் அரண்மனையில் நாணயப் பிரிவைக் காலையில் பார்த்துவிடலாம். சுமார் 3 லட்சம் பொருள்கள் கொண்ட பழமையான சேகரிப்பு. செவ்வாய்தோறும் அரண்மனைக்கு விடுமுறை.

பேரரசில் அடங்கிய சாக்சனி அரசின் அக்கசாலை 1887இல் டிரெஸ்டனிலிருந்து ஃபிரைபர்க் அருகே முல்டன்ஹுயூட்டன் உருக்காலைக்கு மாறியது. எங்கே அடித்தது என்று காசில் காட்டும் அக்கசாலை எழுத்து 'ஈ' மாறாமல் தொடர்ந்தது. ஆகவே 1887க்கு முந்தைய 'ஈ' டிரெஸ்டனில் அடித்தது, பிந்தையது இங்கே அடித்தது. 1953 வரை இங்கே காசு அடித்தார்கள். டிரெஸ்டனிலிருந்து ஃபிரைபர்க் போகும் ரயில்களில் எல்லா ஊரிலும் நிற்கும் வண்டிதான் இங்கே நிற்கும். வளாகம் 2019 முதல் எர்ஸ்கெபிர்க சுரங்க நிலப்பகுதியின் பாகமாக யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. வெளியிலிருந்து பார்த்துத் திரும்ப ஒரு மணி நேரம் போதும்.

இங்கே வரவேண்டியது ஒரு காசுக்காக. 1917இல் மார்ட்டின் லூதரின் கிறித்தவச் சமயச் சீர்திருத்தத்துக்கு 400 ஆண்டு நிறைந்தபோது, லூதருக்கு அரணாக நின்ற சாக்சனி ஆட்சியாளர் 'அறிவாளர்' ஃபிரீட்ரிக்கின் உருவத்தோடு 3 மார்க் அடித்தார்கள். எண்ணிக்கை 100. பேரரசின் வெள்ளிக் காசுகளில் எல்லாரும் கனவு காண்பது இதைத்தான். இது மாதிரி அல்ல, முறையான வெளியீடு. யேகர் எண் 141. ஆனால் மாதிரி சேகரிப்பவர் இதிலிருந்து விலையின் இயல்பைக் கற்கலாம். இதைவிடக் குறைவாகவே எஞ்சியிருக்கும் மாதிரிகள் இதன் விலையில் சிறு பங்குக்குப் போகின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒன்று என்று சேர்ப்பவர்கள் யேகரின் வரிசை எண்ணை நிரப்பவே போட்டியிடுகிறார்கள். மாதிரிக்கு அந்த வரிசையில் இடமில்லை. அரிதான காசை நியாயமான விலைக்கு வாங்க இன்னும் வழி இருக்கிறதென்றால் அது இதனால்தான்.

இந்த 141ஆம் எண் காசுக்குப் போலிப் படிகள் ஏராளம். வார்ப்புப் படியில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். மின்முலாம் முறையில் இரு ஓடுகளாகச் செய்து ஒட்டிய படியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு தெரியும், எடையும் 16.67 கிராமில் சரியாக நிற்காது. புதிதாக அச்சு வெட்டி அடித்த படிகள்தான் கடினம். அங்கே உண்மைக் காசின் பெரிய படத்தோடு எழுத்துகளின் இடைவெளியை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதைத் தவிர வழி இல்லை.

ஞாயிறு, மியூனிக்

ஹோஃப்கிராபன் தெருவில் பழைய அக்கசாலை. 16ஆம் நூற்றாண்டில் அரச குதிரை லாயமும் கலைப்பொருள் கூடமுமாகக் கட்டியது. 1809 முதல் 1983 வரை காசு அடித்த இடம், அக்கசாலை எழுத்து 'டி'. மூன்று அடுக்கு வளைவுகளோடு கூடிய முற்றம் மிக அழகு. இன்று நினைவுச்சின்னத் துறை அலுவலகம் என்பதால் முற்றத்தைப் பார்க்க வேலை நாளில் வருவதே உசிதம்.

மியூனிக் என்றால் கார்ல் கோயட்ஸ். அவுக்ஸ்புர்க்கில் 1875இல் பிறந்து இங்கே வேலை செய்த பதக்கக் கலைஞர். ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி லூசிடேனியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் மூழ்கியதைப் பற்றி இவர் செய்த பதக்கத்தில் மே 7க்குப் பதிலாக மே 5 என்று தேதி பொறித்ததும், அதை பிரிட்டன் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியதும் உலகறிந்தவை. காசுச் சேகரிப்பாளருக்கு அவர் முக்கியமாவது, 1913 போன்ற ஆண்டுகள் பொறித்து அவர் செய்த மாதிரிகளால். இரண்டாம் வில்ஹெல்மின் 5 மார்க் மாதிரி அவற்றில் பெயர்பெற்றது. மங்கலான மணல் பூச்சு போன்ற பரப்பும், துணிச்சலான செதுக்கும் அவர் கையைக் காட்டிக்கொடுக்கும். இவை தனியார் மாதிரிகள், புழக்கத்துக்கு ஏற்கப்பட்டவை அல்ல. அதனால் மதிப்பற்றவை என்று சொல்லிவிட முடியாது. கலையில் அரசு மாதிரிகள் பலவற்றை இவை மிஞ்சும். ஆனால் அரசு மாதிரி என்ற விலையில் வாங்கக் கூடாது. ஒரே அச்சை வெள்ளி, வெண்கலம், அலுமினியம், ஈயம் என்று பலவற்றில் அடித்திருப்பதால், 'அரிய உலோகம்' என்ற விளம்பரத்தைச் சோதிக்காமல் நம்பவும் கூடாது.

சோதனை எளிது. வாங்கிய காசுக்கு இரவு அறையிலேயே செய்யலாம். தராசில் ஒரு கண்ணாடிக் கோப்பை நீரை வைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யமாக்க வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க அமிழ்த்த வேண்டும். தராசு காட்டும் எண்ணே காசின் கனஅளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 900 தர வெள்ளி 5 மார்க்குக்குத் தராசு 2.69 காட்டும், அடர்த்தி 10.3. அதே கனஅளவில் அலுமினியம் 7.3 கிராம், இரும்பு 21 கிராம், ஈயம் 30.5 கிராம் எடை நிற்கும். 900 தரத் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17.2. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கனஅளவு கூடி அடர்த்தி குறையும். சொட்டுத் திரவம் விடுவது அதைத் தடுக்கத்தான். 25 பென்னிக் போன்ற சிறு காசுக்கு 0.01 கிராம் தராசு போதாது. கனஅளவே 0.45தான், கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் 2 சதவீதம் தவறும். 0.001 கிராம் தராசு வேண்டும். இரும்பு, துத்தநாகக் காசுகளை எக்காரணம் கொண்டும் நீரில் இறக்க வேண்டாம்.

திங்கள், கார்ல்ஸ்ரூ

ஸ்டெஃபானியன் தெருவில் கட்டடக் கலைஞர் வைன்பிரன்னர் வடிவமைத்த அக்கசாலை. 1827 முதல் அதே கட்டடத்தில் இன்றும் இயங்குகிறது. எழுத்து 'ஜி'. அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் திங்களில் இதை வெளியிலிருந்து பார்ப்பதே திட்டம்.

1970களில் இங்கே வெடித்த ஊழல் எல்லாச் சேகரிப்பாளருக்கும் பாடம். ஊழியர்கள் அரிய காசுகளை அசல் அச்சுகளிலேயே மறுபடி அடித்து விற்றார்கள், வழக்கும் நடந்தது. அது போருக்குப் பிந்தைய மார்க் காசுகளைப் பற்றியது. ஆனால் 'எப்போது' என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பது இங்கே நின்றால் புரியும். அச்சும் உண்மை, அக்கசாலையும் உண்மை, காலம் மட்டும் பொய். பின்னாளில் அடித்ததற்கு அடையாளம் அச்சிலேயே இருக்கும். கிடப்பில் துருப்பிடித்த அச்சில் குழிகள் விழும், அவை காசின் உருவமற்ற வெற்றுப் பரப்பில் மேலெழுந்த நுண்புள்ளிகளாக வரும். மெருகுக் கோடுகளும் அச்சிலிருந்து வந்தால் காசில் மேலெழும், கீறல் என்றால் குழியும். ஒரே அச்சின் இரு காசுகளில் அச்சு விரிசலின் தடம் குறைவாக இருப்பது முன்னால் அடித்தது.

செவ்வாய், பிராங்க்பர்ட்: கட்டும் வேலை

நகரில் நேரமிருந்தால் ஜெர்மன் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்கின் பண அருங்காட்சியகம் இலவசம். மற்றபடி இன்று பொதிவது மட்டும்தான்.

காசுகள் கைப்பையில்தான் வர வேண்டும். ஏல ரசீதின் அச்சுப்படி கூடவே. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும்போது 10,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். விலை உயர்ந்த பழங்காசுகளுக்கு ஏற்றுமதி அனுமதி தேவையா என்பதை, 2016ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தைக் குறிப்பிட்டு, ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

போர்க்கால மாதிரிகளுக்குத் தனிக் கவனம். 1915 முதல் செம்பும் நிக்கலும் ஆயுதங்களுக்குப் போனதால் இரும்பு, அலுமினியம், துத்தநாகம் என்று சோதித்தார்கள். இரும்புக்கு ஈரம் பகை. காற்றுப் புகாத டப்பியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஆறு மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி கிளம்பினால் தேய்க்கக் கூடாது. அலுமினியம் மிக மென்மை, உறையில் உரசினாலே கோடு விழும், உறுதியான காப்ஸ்யூல் உறை வேண்டும். பிவிசி உறை எந்தக் காசுக்கும் ஆகாது. பச்சை பிசுபிசுப்பு கண்டால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து, துடைக்காமல் உலரவிட வேண்டும்.

ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு: ஷாஃப் எண், உலோகம், அளந்த எடை, விட்டம், விளிம்பு, அச்சுத் திசை, எந்த ஏலம், எந்த எண், எந்தத் தேதி. பழைய உரிமையாளரின் கையெழுத்துச் சீட்டு வந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வைக்காமல் அதே உறையில் சேர்த்தே வைக்க வேண்டும்.